சவுண்ட் கார்டு வீடு மாறிய கதை

ஒலிப்பதிவுக்கென்று எந்த மென்பொருளை வேண்டுமானாலும் நிறுவிப் பாருங்கள். ஆடாசிட்டியோ ரீப்பரோ கியூபேஸோ, சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் செட்டிங்ஸ் பக்கம் ஒருமுறை போய்விட்டு வரச் சொல்லும். அங்கே கேள்விகள் காத்திருக்கும். எந்தச் சாதனம்? எந்த டிரைவர்? சாம்பிள் ரேட் 44,100-ஆ, 48,000-ஆ? பஃபர் 128-ஆ, 512-ஆ? ஆசையாக மைக் வாங்கி வந்தவர் இதையெல்லாம் பார்த்து மிரண்டு, இருப்பதை இருந்தபடியே விட்டுவிட்டு ஓகே கொடுப்பார். அப்புறம் குரல் கரகரக்கும், அல்லது 'டப் டப்' என்று வெட்டும், அல்லது வரவே வராது.

இந்தக் கேள்விகளை ஒரே ஆள் ஒரே நாளில் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. ஒன்று வீடியோ டேப்பில் பிறந்தது. ஒன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வந்தது. இன்னொன்று வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது. எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தால் சவுண்ட் கார்டு என்ற ஒரு பொருளின் வாழ்க்கை கிடைக்கும். பிறந்த காலத்தில் அது கம்ப்யூட்டரை விட்டு வெகு தொலைவில் இருந்தது. பிறகு கம்ப்யூட்டருக்குள் குடிபோனது. அப்புறம் மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டு சுருங்கிப்போனது. இப்போது வெளியே வந்து மேசை மேல் ஒரு சின்னப் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. ஏன் உள்ளே போனது, ஏன் வெளியே வந்தது என்று தெரிந்துவிட்டால் அந்த செட்டிங்ஸ் பக்கம் பாதி புரிந்த மாதிரிதான்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண் மட்டும். மைக் தருவதோ ஏறி இறங்கும் மின்னழுத்தம். அதை நொடிக்கு இத்தனை ஆயிரம் தடவை அளந்து எண்ணாக்குவது ஒரு வேலை. எண்ணைத் திரும்ப மின்னழுத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது இன்னொரு வேலை. இதைச் செய்வது கன்வர்ட்டர். சவுண்ட் கார்டின் உயிர் அதுதான், மற்றதெல்லாம் உடம்பு.

1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருந்த மேக்ஸ் மேத்யூஸ், ஐ.பி.எம். 704 என்ற கம்ப்யூட்டரை இசைக்க வைத்தார். கம்ப்யூட்டர் இருந்தது நியூயார்க்கில், ஐ.பி.எம். அலுவலகத்தில். கன்வர்ட்டர் இருந்தது நியூ ஜெர்சியில், மர்ரே ஹில்லில் உள்ள ஆய்வுக்கூடத்தில். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எண்களைக் காந்த நாடாவில் எழுதித் தரும். அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, கன்வர்ட்டரில் ஓட்டிய பிறகுதான் வந்திருப்பது இசையா இரைச்சலா என்று தெரியும். முதன்முதலில் வந்த இசைத் துண்டின் நீளம் 17 நொடி. ஹெட்போனில் குரல் ஒரு கணம் பிந்தி வருகிறதே என்று இன்றைக்கு நாம் அலுத்துக்கொள்கிறோம். மேத்யூஸ் தன் ஒலியைக் கேட்க ஒரு பயணமே போக வேண்டியிருந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தபோதும் ஒலிக்கு மரியாதை கிடைக்கவில்லை. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது 'பீப்' அடிக்கிற ஒரு சின்ன ஸ்பீக்கர். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் வாங்குகிற இயந்திரத்துக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள். 1987-இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் கார்டு வந்தது. மார்டின் பிரேவெல் என்ற இசைப் பேராசிரியர் நடத்திய நிறுவனம் அது. யமஹா சிப் ஒன்றை வைத்து கேம்களுக்குப் பின்னணி இசை போட்டது. இசைக்கத் தெரிந்ததே தவிர, மனிதர் பேசினால் காது கொடுத்துக் கேட்க அதற்குத் தெரியாது.

காது வைத்தவர் ஒரு சிங்கப்பூர்க்காரர். சிம் வோங் ஹூ, நீ ஆன் பாலிடெக்னிக்கில் படித்தவர், ஹார்மோனிகா வாசிப்பவர். உடன் படித்த இங் காய் வாவைச் சேர்த்துக்கொண்டு 1981-இல் சைனாடவுனில், பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டார். பெயர் கிரியேட்டிவ் டெக்னாலஜி. எண்பதுகளின் நடுவில், சீன மொழி தெரிந்த, ஒலி எழுப்பத் தெரிந்த கம்ப்யூட்டர் ஒன்றைச் சொந்தமாகச் செய்து விற்றுப் பார்த்தார். போணியாகவில்லை. முழுக் கம்ப்யூட்டரை யாரும் வாங்காவிட்டால் போகட்டும், அதில் ஒலி தரும் பாகத்தை மட்டும் கார்டாக்கி மற்றவர்களின் கம்ப்யூட்டரில் செருகலாமே என்று இறங்கினார். எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். தோற்ற சரக்கில் எது தேறும் என்று பார்க்கிற கண் எல்லா வியாபாரிக்கும் இருப்பதில்லை.

1987-இல் வந்த முதல் கார்டு சுமாராகத்தான் போனது. 1989-இல் லாஸ் வேகாஸின் காம்டெக்ஸ் கண்காட்சியில் வைத்த சவுண்ட் பிளாஸ்டர்தான் வீடு வீடாக நுழைந்தது. அதில் ஆட்லிப்பின் அதே யமஹா சிப் இருந்ததால், ஆட்லிப்புக்காக எழுதிய கேம் எல்லாம் ஓடியது. ஜாய்ஸ்டிக் செருக ஒரு போர்ட்டும் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு கார்டு வாங்குகிற செலவு மிச்சம் என்பதே பலர் இதை வாங்கக் காரணம். போகிற போக்கில், பின்பக்கத்தில் மைக் செருக ஒரு துளையும் வைத்திருந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் குரல் பதிவது என்கிற சமாச்சாரம் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது இப்படி, கேம் விளையாட்டின் தோளில் ஏறிக்கொண்டு.

அந்தத் துளை வழியே போன குரல் எப்படி இருந்தது? முதல் சவுண்ட் பிளாஸ்டர் பதியும்போது நொடிக்குச் சுமார் 12,000 தடவைக்கு மேல் அளக்காது. எத்தனை தடவை அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரைதான் பிடிபடும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. ஆக 6,000 ஹெர்ட்ஸோடு சரி. 'ஸ' ஓசையின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அளவுகோலும் 8 பிட். அதாவது மெல்லிய முணுமுணுப்பு முதல் கத்தல் வரை எல்லாவற்றையும் 256 படிக்குள் அடக்க வேண்டும். பழைய தொலைபேசியில் யாரோ பேசுவது போன்ற ஒலி. அதைக் கேட்டே சந்தோஷப்பட்டோம்.

கார்டைப் பொருத்துவது அதைவிடப் பெரிய கதை. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, ஸ்லாட்டில் அழுத்தி, கார்டில் உள்ள சின்ன ஜம்பர்களை நகக்கண்ணால் பிடுங்கி மாற்றிப் போட வேண்டும். 'எனக்கு வேலை வந்துவிட்டது' என்று பிராசஸரைக் கூப்பிட ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. ஆரம்ப கால சவுண்ட் பிளாஸ்டரில் அது 7. பிரின்டர் போர்ட்டும் காலங்காலமாக 7-ஐத்தான் வைத்திருந்தது. இரண்டும் மோதிக்கொண்டால் எதுவும் நடக்கலாம். அதனால் 5-க்கு மாற்றுவார்கள். டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் பார்த்தவர்களுக்கு 'ஏ220 ஐ5 டி1' என்ற வரி இன்றும் தூக்கத்தில் வரும். முகவரி 220, கூப்பிடும் எண் 5, தகவல் போகும் தடம் 1. ஒவ்வொரு கேமிலும் இதை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைய செட்டிங்ஸ் பக்கத்தில் 'எந்தச் சாதனம்?' என்று ஒரு பட்டியலைத் தந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்த வரியின் பேரப்பிள்ளைதான். பேரனுக்குக் கொஞ்சம் நாகரிகம் தெரியும்.

பஃபர் தகராறும் அந்தக் கார்டிலேயே பிறந்துவிட்டது. ஒலியைத் துண்டு துண்டாகத்தான் கார்டும் கம்ப்யூட்டரும் கைமாற்றிக்கொள்ளும்; அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். முதல் சவுண்ட் பிளாஸ்டரில் ஒரு துண்டு முடிந்ததும் அடுத்ததைக் கொடு என்று கேட்டு, பிராசஸர் எடுத்துக் கொடுத்த பிறகுதான் தொடரும். அந்த இடைவெளியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்து வந்த வகைகளில் கார்டே நிற்காமல் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். இன்றைக்கும் பஃபரை 64-இல் வைத்துக்கொண்டு பழைய லேப்டாப்பில் பதிந்தால் அதே 'டிக்' வரும். காரணமும் அதேதான்: அடுத்த துண்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை.

இன்னொரு குறையும் இருந்தது. ஆரம்ப காலக் கார்டுகளால் ஒரே நேரத்தில் ஒலிக்கவும் பதியவும் முடியாது. பேசினால் கேட்காது, கேட்டால் பேசாது. தாளத்தை ஓட விட்டு அதன் மேல் பாடிப் பதிவது என்பது ஸ்டுடியோவில் அன்றாட வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது நடக்காது. இதனாலேயே பல ஆண்டுகள் ஸ்டுடியோக்காரர்கள் சவுண்ட் கார்டை விளையாட்டுப் பொருளாகவே பார்த்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

ஸ்டுடியோக்காரர்களுக்கு வேறு பாதை. கலிஃபோர்னியாவில் பீட்டர் காட்சர், எவன் புரூக்ஸ் என்ற இரண்டு நண்பர்கள், இமு நிறுவனத்தின் டிரம் இயந்திரத்துக்குப் புதுப்புது டிரம் ஓசைகளைச் சிப்பில் பதிந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்காக ஒலியைத் திரையில் பார்த்து வெட்டி ஒட்ட மேக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டார்கள். அதுதான் வளர்ந்து 1989-இல் சவுண்ட் டூல்ஸ் ஆனது, 1991-இல் புரோ டூல்ஸ் ஆனது. சவுண்ட் பிளாஸ்டர் கடைக்கு வந்த அதே 1989. ஆனால் இவர்கள் ஒலியை எண்ணாக்கும் கன்வர்ட்டரை கம்ப்யூட்டருக்குள் வைக்கவில்லை. தனிப் பெட்டியில் போட்டு வெளியே வைத்தார்கள். ஆரம்ப புரோ டூல்ஸுக்கு நான்கு டிராக், விலை 6,000 டாலர். சிம் வோங் ஹூவின் கார்டோ பொடியன்கள் வாங்குகிற விலையில் கிடைத்தது. யார் உள்ளே வைத்தார், யார் வெளியே வைத்தார் என்பது அப்போது பணக்கணக்காகத் தெரிந்தது. அது வெறும் பணக்கணக்கு இல்லை என்பது பின்னால் புரிந்தது. (கொசுறாக ஒன்று: 1993-இல் அந்த இமு நிறுவனத்தையே கிரியேட்டிவ் வாங்கிவிட்டது.)

இனி 44,100. இவ்வளவு முழுமையில்லாத எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர் உண்டா? எழுபதுகளின் கடைசியில் ஒலியை எண்களாக்கிச் சேமிக்க நினைத்தவர்களுக்கு ஒரு சங்கடம். அவ்வளவு எண்களைத் தாங்கும் நாடா சாதாரண டேப் ரெக்கார்டரில் இல்லை. தாங்கக்கூடியது வீடியோ டேப் ஒன்றுதான். சோனி ஒலியைப் படமாக வேஷம் போட்டு வீடியோ கேசட்டில் பதிந்தது. திரையில் அதை ஓட்டினால் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் மினுமினுக்கும். வீடியோவின் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சேனலுக்கு மூன்று அளவுகள் வைக்கலாம். ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் கோடுகள் 245. பெருக்கிப் பாருங்கள்: 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள். அதையும் பெருக்குங்கள், அதே 44,100. இரண்டு கண்டத்து டி.வி.யும் ஒத்துப்போகிற எண் கிடைத்தால் யார் விடுவார்கள்? 1982-இல் சி.டி. கடைக்கு வந்தபோது அந்த எண்ணையும் கூடவே கொண்டுவந்தது. சி.டி. போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது.

48,000-க்குக் காரணம் நேரடியானது. சினிமாவின் 24 ஃபிரேமாலும் டி.வி.யின் 25, 30 ஃபிரேம்களாலும் அது மீதியில்லாமல் வகுபடும். அதனால் படத்தோடு சேர்கிற ஒலிக்கு 48,000 வழக்கமானது. யூடியூபுக்கு வீடியோ செய்கிறவர் 48,000 வைத்துக்கொள்வது நல்லது. எதை வைத்தாலும் மென்பொருளிலும் கருவியிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். 44,100-இல் பதிந்ததை 48,000 என்று நம்பி ஓட்டினால் பேச்சு 9 சதவீதம் போல வேகமெடுக்கும், குரல் கீச்சென்று ஏறும். 96,000, 192,000 என்று பட்டியலில் இன்னும் இருக்கும். பேச்சுப் பதிவுக்கு அவை ஹார்ட் டிஸ்க் விற்பவருக்குத்தான் லாபம் என்பது என் கட்சி. 24 பிட், 48,000 போதும். ஒரு மைக்கில் ஒரு மணி நேரம் பதிந்தால் அதுவே 518 எம்.பி. ஆகிறது.

தொண்ணூறுகளில் சவுண்ட் கார்டும் சி.டி. டிரைவும் ஒரே அட்டைப்பெட்டியில் 'மல்டிமீடியா கிட்' என்று சென்னை ரிச்சி தெருக் கடைகளில் அடுக்கியிருக்கும். சவுண்ட் கார்டின் நல்ல காலம் அது. எல்லோரும் வாங்குகிறார்கள் என்றால் மதர்போர்டிலேயே வைத்துவிடலாமே என்று இன்டெல் கணக்குப் போட்டது. 1997-இல் வந்த ஏசி'97 என்ற ஏற்பாட்டில் கன்வர்ட்டர் ஒரு நகத்தளவு சிப்பாகி மதர்போர்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கத் துளைகளுக்கு நிறம் வந்ததும் அதையொட்டித்தான். பச்சை ஸ்பீக்கருக்கு, நீலம் வெளிக் கருவிக்கு, ரோஸ் மைக்குக்கு. தனிக் கார்டு வாங்குகிறவர் குறைந்துபோனார்.

சிப் சின்னதானது குற்றமில்லை. அது இருந்த அக்கம்பக்கம்தான் மோசம். மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் ஒரு பூஞ்சை சிக்னல். அதைப் பல நூறு மடங்கு பெருக்கினால்தான் அளக்க முடியும். பக்கத்திலோ நொடிக்குக் கோடிக்கணக்கில் துடிக்கிற பிராசஸர், மெமரி, அணைந்து அணைந்து எரிகிற பவர் சப்ளை. பெருக்கும்போது அவற்றின் சத்தமும் சேர்ந்து பெருகும். பழைய கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்று கேட்டிருக்கும். அதுதான் இது. கன்வர்ட்டரை ஏன் வெளியே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ரோஸ் துளைக்கு இன்னொரு போதாமையும் உண்டு. அது சில வோல்ட்தான் தரும். ஹெட்செட்டில் இருக்கிற எலெக்ட்ரெட் மைக்குக்கு அது போதும். ஸ்டுடியோ கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். இந்த 48 நார்வே நாட்டு வானொலியிலிருந்து வந்தது. 1966-இல் அவர்கள் நாய்மன் நிறுவனத்திடம், மைக் கேபிளிலேயே மின்சாரமும் போகிற மாதிரி ஒரு மைக் கேட்டார்கள். நார்வே ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. உலகமெங்கும் ஒலிப்பதிவுப் பெட்டிகளில் '48வி' என்று எழுதிய பொத்தான் இருப்பது அந்த விளக்குகளின் உபயம். மலிவு கண்டென்சர் மைக்கோடு கொடுக்கிற ஒயரை நேராக ரோஸ் துளையில் செருகிவிட்டு, சத்தமே வரவில்லை, மைக் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மைக் பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே வரும் வழியைத் திறந்தது யூ.எஸ்.பி. 1996-இல் வந்தது. ஒலிக் கருவிகள் அதில் எப்படிப் பேச வேண்டும் என்ற பொது விதி 1998-இல் எழுதப்பட்டது. மூடியைக் கழற்ற வேண்டாம், ஜம்பர் வேண்டாம். 2002-இல் புரோ டூல்ஸ்காரர்கள் எம்பாக்ஸ் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் இரண்டு மைக் பெருக்கிகள், 24 பிட், ஒரே ஒரு யூ.எஸ்.பி. ஒயர். பல ஆயிரம் டாலர் புரோ டூல்ஸ், படுக்கையறை மேசைக்கு இறங்கி வந்தது அதில்தான். அதே ஃபோகஸ்ரைட் 2011-இல் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற சிவப்புப் பெட்டியை விட்டது. இன்றைக்கு யாராவது 'இன்டர்ஃபேஸ் வாங்கியிருக்கேன்' என்றால் மனக்கண்ணில் வருவது பெரும்பாலும் அதுவாகவோ அதன் சாயலாகவோ இருக்கும்.

அப்படி ஒரு பெட்டியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முன்பக்கத்தில் மூன்று முள் கேபிள் செருகுகிற துளை. பக்கத்தில் கெயின் குமிழ். குமிழைச் சுற்றி ஒரு வளையம். பேசும்போது அது பச்சையாக ஒளிரும், சத்தம் எல்லை மீறினால் சிவக்கும். செருகுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பு. மைக்கைச் செருகு. பிறகு 48வி பொத்தானை அழுத்து. ஐந்தாறு நொடி விட்டு, பேசிக்கொண்டே குமிழை மெல்ல ஏற்று. 48வி எரிந்துகொண்டிருக்கும்போது மைக்கைப் பிடுங்கினால் ஹெட்போனில் 'டொம்' என்று ஓர் அடி விழும், காது பத்திரம். எதுவரை ஏற்றலாம்? நீங்கள் உரக்கப் பேசும் இடத்திலும் மென்பொருளின் அளவுகோல் மைனஸ் 12 பக்கம் நின்றால் நல்லது. 8 பிட் காலத்தில் அப்படிக் குறைத்து வைத்தால் 256 படியில் முக்கால்வாசி வீணாகிவிடும், முட்டும் வரை ஏற்றியே ஆக வேண்டும். 24 பிட்டில் ஒரு கோடியே 67 லட்சம் படி. பயப்படாமல் கீழே வைக்கலாம். சிவந்து போன ஒலியை மட்டும் எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பேரப்பிள்ளைகளுக்காகக் கதை பதிய ஆரம்பித்தார். பெட்டி, மைக், ஹெட்போன் எல்லாம் மகன் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஒரு நாள் டீச்சர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, நான் 'ஒரு ஊர்ல'ன்னு ஆரம்பிச்சா, எனக்குப் பின்னாடியே இன்னொருத்தி 'ஒரு ஊர்ல'ங்கிறா. யாரு அவ?"

"அதுவும் நீங்கதான் டீச்சர். கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டு வர்ற டீச்சர்."

"அவளை வெளியே அனுப்ப முடியுமா?"

முடியும். அவருடைய மென்பொருளில் பஃபர் 1,024 என்று இருந்தது. நொடிக்கு 48,000 அளவு என்றால் 1,024 சேர 21 மில்லி நொடி. போக ஒரு முறை, வர ஒரு முறை, ஆக 40-க்கு மேல். கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்று வைத்தால் ஓசை போய்ச் சேர 6 மில்லி நொடி போல ஆகும். அதை யாரும் தாமதமாக உணர்வதில்லை. 40 என்பது 14 மீட்டர் தள்ளி, பந்தலின் கடைசியில் நின்று பேசுகிற மாதிரி. பெட்டியின் முன்பக்கத்தில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் திரும்பிவிடும். டீச்சர் அதையும் போட்டிருந்தார், மென்பொருளில் உள்ள மானிட்டரையும் போட்டிருந்தார். பிந்தையதை அணைக்கச் சொன்னேன். "போயிட்டா" என்றார்.

பாடிக்கொண்டே எதிரொலியோ எஃபெக்டோ கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி உதவாது. கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் வர வேண்டும். விண்டோஸோ, திறந்திருக்கும் எல்லா மென்பொருளின் ஒலியையும் ஓரிடத்தில் கலந்துதான் வெளியே அனுப்பும். எக்ஸ்பி காலத்தில் அந்தக் கலவைக்கு மட்டும் சுமார் 30 மில்லி நொடி பிடித்தது. ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் கியூபேஸ் மென்பொருளுக்காக 1997-இல் ஆசியோ என்று ஒரு டிரைவர் முறையை எழுதியது. கலக்கிற இடத்தை ஒதுக்கிவிட்டு மென்பொருளும் பெட்டியும் நேராகப் பேசிக்கொள்ளும். பெரும்பாலான இன்டர்ஃபேஸ் நிறுவனங்கள் இன்று இதற்கு டிரைவர் தருகின்றன. சொந்த டிரைவர் இல்லாத கருவிக்கு ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் கைகொடுக்கும்.

ஆடாசிட்டியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனியும் ராஜர் டானன்பெர்க்கும் 1999-இல் எழுதத் தொடங்கி, 2000-இல் இலவசமாக வெளியிட்ட மென்பொருள் அது. விண்டோஸில் அதைத் திறந்து எந்த வழியில் பதிவது என்ற பட்டியலைப் பாருங்கள். எம்.எம்.இ., டைரக்ட்சவுண்ட், வசாபி என்று மூன்று பெயர். முதலாவது 1991-இன் மல்டிமீடியா விண்டோஸிலிருந்து வந்தது. இரண்டாவது 1995-இல் கேம்களுக்காகச் செய்தது. மூன்றாவது விஸ்டாவோடு 2007-இல் வீடுகளுக்கு வந்தது. ஒன்றைக் கொண்டுவந்தவர்கள் முந்தையதைத் தூக்கிப் போடவில்லை. அதனால் மூன்று தலைமுறையும் ஒரே பட்டியலில் குடித்தனம் நடத்துகின்றன. வசாபியைத் தேர்ந்தெடுங்கள். ஆசியோ அந்தப் பட்டியலில் வராமல் போனது உரிமச் சிக்கலால். ஸ்டைன்பெர்க்கின் நிபந்தனையும் திறந்த மூல உரிமமும் நீண்ட காலம் ஒத்துப்போகவில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே கோர் ஆடியோ ஒன்றுதான்.

வெளியே வந்துவிட்டதால் எல்லாச் சத்தமும் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. லேப்டாப் சார்ஜர் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு மைக்கிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை, அல்லது சார்ஜர் ஒரு பாயின்டிலும் ஸ்பீக்கர் வேறு பாயின்டிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். சீலிங் ஃபேனை அணைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் மே மாதத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

விண்டோஸ் 2017-இல்தான் யூ.எஸ்.பி. ஒலிக் கருவிகளின் இரண்டாம் தலைமுறை விதியைத் தானாகவே புரிந்துகொள்ளத் தொடங்கியது. மேக்குக்கும் லினக்ஸுக்கும் அது முன்பே தெரியும். அதன் பிறகு பல பெட்டிகள் டிரைவர் சி.டி. இல்லாமலே, செருகியவுடன் பேச ஆரம்பித்தன. ஆனால் கன்வர்ட்டர் மேசைப் பெட்டியோடும் நின்றுவிடவில்லை. மைக்கின் வயிற்றுக்குள்ளேயே புகுந்துகொண்டது. யெட்டி மாதிரி யூ.எஸ்.பி. மைக்குகளில் மைக், பெருக்கி, கன்வர்ட்டர், ஹெட்போன் துளை எல்லாம் ஒரே உடம்பு. தனியாகப் பேசிப் பதிகிறவருக்கு இதுவே தாராளம். பெட்டியும் கேபிளும் வாங்குகிற காசில் ஜன்னலுக்கு ஒரு கனத்த திரை வாங்கி மாட்டலாம். பதிவு அதில்தான் அதிகம் தேறும்.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் சிக்கல் வருகிறது. ஆளுக்கொரு யூ.எஸ்.பி. மைக் வாங்கி ஒரே லேப்டாப்பில் செருகுவார்கள். ஆசியோவில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் எடுபடும். மேக்கில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்க வழி உண்டு. அப்படிக் கட்டினாலும் ஒவ்வொரு மைக்குக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் 48,000 என்றே சொல்லும், ஆனால் ஒன்றின் 48,000 இன்னொன்றின் 48,000 இல்லை. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். கேள்வி முடிவதற்குள் பதில் தொடங்கிவிடும், அல்லது சிரிப்பு நகைச்சுவைக்கு முன்னால் வரும். மேக்கில் 'டிரிஃப்ட் கரெக்ஷன்' என்ற கட்டத்தில் டிக் போட்டால் ஒரு மைக் இன்னொன்றைப் பின்தொடரும். விண்டோஸில் உட்கார்ந்து கையால் வெட்டி ஒட்ட வேண்டும். அதனால் நேர்காணல் பதிகிறவர்கள் இரண்டு துளை வைத்த பெட்டியையே வாங்குகிறார்கள். அதில் எத்தனை மைக் செருகினாலும் கடிகாரம் ஒன்றுதான்.